தாத்தாவின் உளியைக் கிரைண்டருக்குக் கொடுக்கும் முன்

கேட்ட கேள்வி இது: "தச்சு வேலை செய்த தாத்தாவின் மரப்பெட்டி பரணில் கிடைத்தது. உள்ளே நான்கு உளிகள், ஒரு மர இழைப்புளி, ஒரு கைரம்பம், மரம் செதுக்கும் வாச்சி ஒன்று. எல்லாம் துருவேறி மழுங்கிக் கிடக்கின்றன. பக்கத்து லேத் பட்டறையில் கிரைண்டரில் சாணை பிடித்துத் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா? வீட்டிலேயே தீட்ட முடியுமா? கைப்பிடிகளும் பழசாகிவிட்டன, மாற்றிவிடலாமா?"

கொடுக்காதீர்கள். வீட்டிலேயே தீட்டலாம். முதல் உளிக்கு அரை நாள் பிடிக்கும், நான்காவது உளிக்கு வரும்போது ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிரைண்டர் ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துருப்பிடித்த உளியை மீட்டுவிடலாம், பதம் போன உளியை மீட்பதுதான் கஷ்டம்.

உளி செய்யும் கொல்லர் எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்ப்பார். அந்தத் தோய்ச்சலில் எஃகு கண்ணாடி போலக் கடினமாகும், கண்ணாடி போலவே பொசுக்கென்று உடையவும் செய்யும். அதனால் மறுபடி மிதமாக, சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிப்பார். இதுதான் பதம். பளபளப்பான எஃகைச் சூடாக்கிப் பார்த்தால் அதன் மேல் நிறங்கள் ஓடுவது தெரியும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 260 வாக்கில் பழுப்பு, 280-இல் கத்தரிப்பூ நிறம், 300-ஐ நெருங்கினால் நீலம். மரம் செதுக்கும் உளிக்கு வைக்கோல் மஞ்சளைத் தாண்டக் கூடாது. நீலம் வந்துவிட்டால் அந்த இடம் சுருள்வில்லுக்குத்தான் ஆகும், உளிவாய்க்கு ஆகாது.

இப்போது கிரைண்டரைப் பாருங்கள். பட்டறைகளில் இருக்கும் 6 அங்குலக் கல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று சுற்றும். கல்லின் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். உளியின் வாய்தான் அதன் மிக மெல்லிய இடம், அங்கே பிறக்கும் சூட்டுக்கு ஓடிப்போக இடமில்லை. இரண்டு மூன்று நொடி அழுத்தினால் போதும், நீலம் பூத்துவிடும். லேத் பட்டறைக்காரருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. அவர் லேத்தில் பிடிக்கும் வெட்டுக்கருவி பெரும்பாலும் ஹைஸ்பீடு ஸ்டீல், 500 டிகிரி வரை தாங்கும். உங்கள் தாத்தாவின் உளி சாதாரணக் கார்பன் எஃகு. பட்டறைக்காரரின் கை அந்த வேகத்துக்குப் பழகியது, உளி அதற்குப் பழகியதல்ல.

எனக்கு இது நடந்திருக்கிறது. வேலை பழகிய புதிதில், மூத்த ஆசாரியின் ஓர் அங்குல உளியை அவசரத்துக்குக் கிரைண்டரில் பிடித்தேன். நன்றாகவே கூர் வந்தது. ஆனால் தேக்கு நிலையில் வைத்து நாலு தட்டு தட்டியதும் வாய் காகிதம் மாதிரி மடங்கிவிட்டது. திரும்பத் தீட்டினேன், திரும்ப மடங்கியது. அவர் வாங்கிப் பார்த்தார். மூலையில் நகக்கண் அளவு நீலம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, தண்ணீர் விட்டுச் சொரசொரப்பான கல்லில் அந்த நீலம் தீரும் வரை, மூன்று மில்லிமீட்டர், கையாலேயே தேய்த்துத் தீர்த்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அந்த உளிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தீட்டக் கூடிய எஃகு அன்று ஒரே பகலில் சேறாகப் போனது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய பட்டறை உளிகள் பலவற்றில் முழு உளியும் எஃகாக இருக்காது. உடல் மெத்தென்ற இரும்பு, வாய்ப்பக்கம் மட்டும் எஃகுத் துண்டை உலையில் வைத்து ஒட்டியிருப்பார்கள். துருவை எடுத்துத் தேய்த்தால் சாம்பல் நிறத்திலும் வெளிர் நிறத்திலும் இரண்டு உலோகங்கள் சேரும் கோடு சில சமயம் கண்ணுக்குத் தெரியும். எஃகு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் கிரைண்டரில் கொடுத்தால் உள்ளதையும் தின்றுவிடும். எஃகு இருக்கிறதா என்று பார்க்க நல்ல அரம் ஒன்றை வாயை ஒட்டி லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் எஃகு இருக்கிறது, பதமும் இருக்கிறது. அரம் கவ்விக் கடித்தால் இரண்டில் ஒன்று போய்விட்டது.

வாயில் பெரிய உடைவு இருந்தால் மட்டும் கிரைண்டரைத் தொடலாம், அதுவும் நீங்களே. கையுறை போடாமல், விரல் வாய்க்குப் பக்கத்தில் இருக்க, ஒரு நொடி தொட்டு எடுத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். விரலுக்குச் சூடு உறைத்தால் உடனே தண்ணீர். கடைசி அரை மில்லிமீட்டரைக் கல்லுக்கு விட்டுவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

சரி, துருவுக்கு வருவோம். மேலோட்டமான துருவுக்கு மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஓர் இரவு ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தால் போதும். ஆழமாக ஏறியிருந்தால் வினிகரில் ஓர் இரவு. பித்தளைக்குப் போடுகிற புளிக்கரைசலும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. மரக் கைப்பிடி நனையாமல் இரும்பை மட்டும் முக்குங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசிவிடுங்கள். இதில் சோம்பல் பட்டால் ஒரு மணி நேரத்தில் செம்மஞ்சளாகப் புதுத்துரு பூத்து நிற்கும். உளியின் உடல் முழுவதையும் வெள்ளி மாதிரி பளபளக்க வைக்க வேண்டியதில்லை. கறுத்த இரும்பு கறுப்பாகவே இருக்கட்டும், அந்தக் கறுப்பு அதற்கு ஒரு காப்பு. நமக்கு வேலை வாயிலிருந்து இரண்டு விரற்கடை தூரம்தான்.

இனிச் சொல்வதுதான் இந்தப் பதிலின் உயிர். கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. உளிக்கு ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் தட்டை. எல்லோரும் சரிவுப் பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் தீட்டுவது போலத் தெரிவது அதுதான். தட்டைப் பக்கத்தில் துரு அரித்த குழிகள் இருந்தால், சரிவை எவ்வளவு அழகாகத் தீட்டினாலும், ஒவ்வொரு குழியும் வாய்க்கு வந்து சேரும்போது அங்கே ஒரு பல்லாக நிற்கும். "எவ்வளவோ தீட்டினேன், கூர் வரவே மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்களின் உளியைத் திருப்பிப் பார்த்தால் பத்துக்கு எட்டில் தட்டைப் பக்கம் தொடப்படாமல் இருக்கும்.

அதனால் முதல் வேலை தட்டைப் பக்கம். இதற்குத் தேவை நிஜமாகவே தட்டையான ஒரு பரப்பு. கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டி மிஞ்சிய துண்டு கேளுங்கள், ஓர் அடி நீளம் போதும், சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதன் மெருகேறிய முகத்தில் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரை ஒட்டிக்கொள்ள வையுங்கள். 220 எண் தாளில் தொடங்கி, 400, 800, 1500, முடிந்தால் 2000. எண் கூடக் கூடத் தாள் நைசாகும். உளியின் தட்டைப் பக்கத்தைப் பரப்பின் மேல் முழுக்கப் படியவைத்து, வாயை ஒட்டிய இடத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் தேயுங்கள். கைப்பிடிப் பக்கம் ஒரு மயிரிழைகூடத் தூக்கக் கூடாது. ஒரு தடவை தூக்கிவிட்டாலும் வாய் உருண்டுவிடும், பிறகு அந்த உளி நேராகச் சீவாது, மரத்தை விட்டு மேலே மேலே ஏறிக்கொண்டே வரும். 220-இல் விழுந்த கீறல்கள் எல்லாம் ஒரே மாதிரி வாய் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் 400. அப்படியே மேலே. முடிவில் உங்கள் மூக்கு அதில் தெரிய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஓர் உளியின் ஆயுளில் ஒரு தடவை செய்தால் போதும். அதன் பிறகு தட்டைப் பக்கத்தை மிக நைசான கல்லில் மட்டுமே வைப்பீர்கள்.

சரிவுப் பக்கத்துக்குக் கோணம் வேண்டும். கோணமானி தேவையில்லை. உளியின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். சரிவின் நீளம், அதாவது சாய்ந்த பரப்பின் நீளம், கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது சரியாக 30 டிகிரி. இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைந்தால் 25 டிகிரி. மூன்று மடங்கு என்றால் 20-ஐ ஒட்டியது. 4 மில்லிமீட்டர் கனமுள்ள உளிக்குச் சரிவு 8 மில்லிமீட்டர் இருந்தால் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்துத் துளை எடுக்கும் வேலைக்குத் தாங்கும். கையால் தள்ளி மெல்லிசாகச் சீவும் உளிக்கு 25 நல்லது. தேக்கு, வேங்கை, கருவேலம் என்று கடின மரத்தில் அடிக்கிற உளியை 25-இல் தீட்டினால் அன்று மாலைக்குள் வாயில் பொடிப்பொடியாக உடைவு தெரியும். தேக்கு பார்ப்பதற்கு வெண்ணெய் மாதிரி சீவும், ஆனால் அதன் நாருக்குள் மணல்சத்து, அதாவது சிலிக்கா இருக்கிறது. உளிவாயை அது தேய்க்கிற மாதிரி நம் ஊர் மரங்களில் வேறு அதிகம் தேய்ப்பதில்லை.

பழைய உளியின் சரிவு உருண்டு கெண்டை மீன் வயிறு மாதிரி இருக்கும். முதலில் கல்லின் சொரசொரப்பான பக்கத்தில் அதை ஒரே தட்டையாக்குங்கள். அப்புறம் ஒரு சின்னத் தந்திரம்: முழுச் சரிவையும் 25-இல் வைத்துவிட்டு, நைசான கல்லில் கையை ஒரு பொடி உயர்த்தி, வாயை ஒட்டி அரை மில்லிமீட்டர் மட்டும் 30-இல் தீட்டினால் போதும். முழுச் சரிவையும் ஒவ்வொரு முறையும் மெருகேற்றத் தேவையில்லை. அடுத்தடுத்த தீட்டலுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

கல் எதை வாங்குவது? ஹார்டுவேர் கடையில் இரண்டு முகமுள்ள கல் கேட்டால் எந்தக் கம்பெனிக் கல்லாக இருந்தாலும் "கார்போரண்டம் கல்" என்றே எடுத்துக் கொடுப்பார்கள். அது சிலிக்கான் கார்பைடு. அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் 1891-இல் செயற்கை வைரம் செய்யப்போய் இந்தப் பொருளைக் கண்டார், கார்போரண்டம் என்பது அவர் வைத்த பெயர். சென்னையில் 1954-இல் முருகப்பா குழுமமும் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கின. அதற்கெல்லாம் முன்பே நம் சாணைக்காரர்கள் குருந்தக் கல்லைப் பொடித்து உருக்கிய அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு இருக்கும் 'கொரண்டம்' என்ற பெயரே தமிழ்க் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் நிற்கும் கல் அது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் இன்றும் பாறையில் கிடைக்கிறது. இன்று அலுமினியம் ஆக்சைடு என்று அட்டையில் போட்டு விற்கும் பழுப்புக் கல்லும் வேதியியலில் அதே குருந்தம்தான். எனக்கு இந்தச் செய்தி தெரிந்த நாள் முதல் கல்லைக் கையில் எடுக்கும்போது ஒரு தனி மகிழ்ச்சி.

இரண்டு முகக் கல்லின் நைசான பக்கம்கூட உளிக்குக் கொஞ்சம் முரடுதான், சமையல் கத்தியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு 1000, முடிந்தால் ஒரு 4000 அல்லது 6000 எண் தண்ணீர்க் கல் வாங்கிக்கொள்ளலாம். பணம் வேண்டாம் என்றால் அதே கிரானைட் துண்டும் வாட்டர் பேப்பரும் கடைசி வரை போதும். நான் இரண்டிலும் தீட்டியிருக்கிறேன், மரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. தாள் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா என்று சண்டை போட வேண்டாம். இரண்டின் வேலையும் ஒன்றுதான்: தேய்ந்து வரும் இரும்புத்தூளை மிதக்கவைத்துக் கல்லின் கண் அடையாமல் பார்ப்பது. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதையே தொடருங்கள். எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் நிற்காது. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிக் கல்லை அடைத்துவிடும். கல்லின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தொட்டி மாதிரி பள்ளமாகும். பள்ளமான கல்லில் தட்டையான உளி வராது. பட்டறைகளில் சிமெண்ட் தரையில் ஆற்றுமணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்து மட்டமாக்குவார்கள். கிரானைட்டில் 120 எண் தாளை வைத்துத் தேய்த்தால் இன்னும் சுத்தமாக வரும். கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டுத் தேயுங்கள். கோடெல்லாம் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டது.

தீட்டும்போது சரிவைக் கல்லில் படியவையுங்கள். முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒன்றாக உட்காரும் இடம் விரலுக்குத் தெரியும். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து உடம்பை ஆட்டித் தேயுங்கள். தோளும் முழங்கையும் தனித்தனியாக ஆடினால் சரிவு உருளும். பிசிறு வரும் வரை தேய்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தில் பெருவிரலை உள்ளிருந்து வாய்க்கு வெளியே தள்ளிப் பாருங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். சன்னமான கம்பி போல விரலில் தட்டுப்படுவதுதான் பிசிறு. இந்த மூலை முதல் அந்த மூலை வரை விடாமல் பிசிறு தட்டுப்பட்டால்தான் இரண்டு முகங்களும் சந்தித்துவிட்டன என்று பொருள். நடுவில் விட்டுப்போயிருந்தால் அடுத்த கல்லுக்குப் போகவே கூடாது. முக்கால்வாசிப் பேர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். பிசிறு வந்த பிறகு நைசான கல்லில் தட்டைப் பக்கம் நாலு இழுப்பு, சரிவுப் பக்கம் நாலு இழுப்பு, மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பிசிறு தானே உதிரும். மிச்சத்துக்குப் பழைய தோல் பெல்ட் ஒன்றைப் பலகையில் ஒட்டி, எஃகுப் பாத்திரத்துக்கு மெருகு போடும் பச்சைக் கட்டியைத் தடவி, வாய் பின்னால் வரும்படி பத்து இழுப்பு. உள்ளங்கையில் இழுத்துப் பிசிறு எடுக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது நாற்பது வருஷக் கை, நீங்கள் செய்ய வேண்டாம்.

கூர் வந்ததா என்று கையில் மயிர் மழித்துப் பார்ப்பார்கள். நான் அதை நம்புவதில்லை, பிசிறுகூட மழிக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் வாயை நேருக்கு நேர் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும், கூரான இடம் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் மாமரத் துண்டு போன்ற மெத்தென்ற மரத்தின் வெட்டுமுகத்தில், நார் நுனிகள் தெரியும் அந்தப் பக்கத்தில், கையால் தள்ளிச் சீவுங்கள். நார் நசுங்காமல், வெட்டிய இடம் வழுவழுப்பாக மின்னினால் வேலை முடிந்தது.

இழைப்புளியின் அலகுக்கும் இதே வழிதான், இரண்டு வித்தியாசங்களோடு. அலகின் தட்டைப் பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் டேவிட் சார்ல்ஸ்வொர்த் என்ற மரவேலை ஆசான் பரப்பிய வழி ஒன்று உண்டு. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு ஸ்கேலைக் கல்லின் ஒரு ஓரத்தில் வைத்து, அலகின் பின்பகுதி அதன் மேல் கிடக்க, வாய் மட்டும் கல்லில் படும்படி தேய்ப்பது. துரு அரித்த அலகுக்கு இது பெரிய உதவி. உளிக்கு மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், உளிக்கு அந்தத் தட்டைதான் வழிகாட்டி. இரண்டாவது, அலகின் இரு மூலைகளிலும் இரண்டு இழுப்பு கூடுதலாகக் கொடுத்து லேசாக வளையவிடுங்கள். இல்லாவிட்டால் பலகையில் படிக்கட்டு மாதிரிக் கோடு விழும்.

அலகின் மேல் இரண்டாம் தகடு ஒன்று திருகியிருந்தால் அது அலகோடு இடைவெளியில்லாமல் படிய வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கீற்றுகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் சீவல் அதற்குள் புகுந்து அடைக்கும், நீங்கள் அலகைத்தான் குறை சொல்வீர்கள். சாதாரண வேலைக்கு வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் பின்னால் தகடு இருக்கட்டும். நார் மாறி மாறி ஓடும் பலகையில் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தத் தூரத்தைக் கால் மில்லிமீட்டராகக் குறையுங்கள். ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரு பேராசிரியர்கள் சீவல் எழும்புவதை நுண்ணோக்கி வழியாகப் படம்பிடித்து இதைக் கண்ணுக்குக் காட்டினார்கள்.

இழைப்புளிக் கட்டையின் அடிப்பக்கம் தேய்ந்து வளைந்திருக்கலாம். அதே கிரானைட்டில் 120 எண் தாள் வைத்துத் தேய்த்து மட்டமாக்கலாம். அலகைப் பிடித்து நிற்கும் ஆப்பை எப்போதும்போல் இறுக்கி, அலகை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். ஆப்பில்லாமல் தேய்த்தால், இறுக்கிய பிறகு கட்டை வேறு வடிவத்துக்குப் போய்விடும். முடித்ததும் அடியில் மெழுகுவத்தியை இரண்டு தடவை இழுத்துவிடுங்கள். தள்ளும் கை வித்தியாசத்தை உடனே சொல்லும்.

ரம்பத்தைக் கடைசியாக எடுங்கள். மற்றவை எல்லாம் கைவந்த பிறகு. தகட்டின் துருவை எடுத்து, பல் மட்டும் மேலே தெரியும்படி இரண்டு சட்டங்களுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்க வேண்டும். முதலில் தட்டை அரத்தைப் பற்களின் நுனி மேல் நீளவாக்கில் ஓட்டுங்கள். உயரமான பற்களின் நுனியில் சின்னச் சின்னதாகப் பளபளப்புத் தெரியும். எல்லாப் பல்லிலும் அது தெரியும் வரை ஓட்டினால் எல்லாம் ஒரே உயரம். பிறகு முக்கோண அரம். பல்லிடுக்கு 60 டிகிரி, முக்கோண அரத்தின் மூலையும் 60 டிகிரி, அதனால் அரம் தானே உட்கார்ந்துகொள்ளும். முன்னே தள்ளும்போது மட்டும் அரம் கடிக்கட்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். நுனியின் அந்தப் பளபளப்பு மறையும் கணத்தில் நிறுத்துங்கள், ஒரு தள்ளு கூடினாலும் அந்தப் பல் குட்டையாகிவிடும். மரத்தை நீளவாக்கில் அறுக்கும் ரம்பத்துக்கு அரத்தைத் தகட்டுக்கு நேர்குறுக்காகப் பிடிக்க வேண்டும். குறுக்கே அறுப்பதற்கு 60, 65 டிகிரி அளவில் சாய்த்து, ஒன்றுவிட்டு ஒரு பல்லாக இந்தப் பக்கத்திலிருந்தும், மீதியை அந்தப் பக்கத்திலிருந்தும் தீட்ட வேண்டும். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்ந்திருப்பதும் முக்கியம். அந்தச் சாய்வு தேய்ந்திருந்தால் ரம்பம் மரத்தில் சிக்கும். சாய்வு பல்லின் மேல்பாதியில் மட்டும் இருக்க வேண்டும், அறுத்த தடத்தின் அகலம் தகட்டின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இந்தச் சாய்வு வைக்கும் வேலையை மட்டும் அனுபவமுள்ள ஒரு ஆசாரியிடம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் அது பிடிபடாது. இப்போது கடைகளில் வரும் பல ரம்பங்களின் பல்நுனி நீலக்கறுப்பாக இருக்கும். அவை மின்தூண்டலில் கடினமாக்கியவை, அரம் ஏறாது. உங்கள் தாத்தாவுடையது அப்படி இருக்க வாய்ப்பில்லை.

வாச்சிக்குச் சரிவு பெரும்பாலும் பிடியைப் பார்த்த உட்பக்கம் இருக்கும். வெளிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும், அங்கே பிசிறு எடுக்க மட்டும் கல் படலாம். வாச்சியைப் பிடிமானத்தில் இறுக்கிவிட்டுக் கல்லை அதன் மேல் ஓட்டுங்கள், கை பத்திரமாக இருக்கும்.

தீட்டிய பிறகு காப்பது எளிது, தவறாமல் செய்ய வேண்டும் அவ்வளவுதான். வேலை நடுவில், தேக்கு என்றால் அரை மணிக்கு ஒருமுறை, நிறுத்தி நைசான கல்லில் பத்து இழுப்பு. மழுங்கும் வரை காத்திருந்தால் மறுபடி முரட்டுக் கல்லில் தொடங்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் உள்ளங்கை வியர்வை படிந்த இரும்பைத் துடைத்துவிட்டு எண்ணெய். வியர்வையின் உப்பு ஓர் இரவில் விரல்ரேகையாகத் துருவை எழுதிவிடும். தையல் மெஷின் எண்ணெய் சிறந்தது. தேங்காய் எண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும், அது பிசுக்காகக் காயாது. கடற்கரை ஊர்க்காரராக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உளிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கப் பெட்டிக்குள் துளையிட்ட ஒரு சட்டம் போதும்.

ஆயுத பூஜை வருவது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவியையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூச இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஒன்று மட்டும். சந்தனமும் குங்குமமும் ஈரமானவை. அவற்றை இரும்பில் வைத்து ஒரு வாரம் விட்டால் அந்தப் பொட்டின் வடிவத்திலேயே துரு அரித்திருக்கும். என் உளிகளில் இரண்டில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. பொட்டைக் கைப்பிடியில் வையுங்கள், அல்லது மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள்.

கடைசியாகக் கைப்பிடி. விரிசல் விட்டு ஆடுகிறதென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், அடிக்கும்போது தெறிக்கும். தலைப்பக்கம் மட்டும் நைந்து பூப்போல விரிந்திருந்தால் அந்த அரை அங்குலத்தை அறுத்துவிட்டு ஓர் இரும்புப் பூண் போடுங்கள், இன்னும் முப்பது வருஷம் வரும். அடிக்க இரும்புச் சுத்தியலை எடுக்காதீர்கள், புளியமரக் கொட்டாப்புளி இருக்கட்டும். வெறுமனே பழசாக, கறுத்து, வழவழவென்று இருந்தால் உப்புத்தாள்கூடப் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசினால் போதும். பெருவிரல் உட்காரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் உங்கள் விரலை அங்கேயே வைத்து உளியைப் பிடித்துத் தொடங்குங்கள். நான்கில் அகலம் குறைந்த உளியை முதலில் எடுங்கள், அதன் தட்டைப் பக்கம்தான் சிறியது.